டைட்டானியம் டை ஆக்சைடில் உலோக அயனி டோப்பிங்: குறைந்த செலவில் ஊட்டியில் எப்படிச் செய்வது?

#1 உதகை_எம்எஸ்சி

வணக்கம். ஊட்டியில் எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். டைட்டானியம் டை ஆக்சைடில் இரும்பு அல்லது தாமிர அயனியை டோப் செய்து (அதாவது படிகத்துக்குள் மிகச் சிறிய அளவில் புகுத்தி), மெத்திலீன் நீலச் சாயத்தை வெயிலில் வைத்து நிறம் நீக்குவதுதான் ப்ராஜெக்ட். எந்தக் கட்டுரையை எடுத்தாலும் டைட்டானியம் ஐசோப்ரொப்பாக்சைடில் இருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அந்த ஒரு பாட்டில் வாங்கினால் எங்கள் வகுப்பில் இன்னும் இரண்டு பேருடைய ப்ராஜெக்ட் காசும் போய்விடும்.

எங்களிடம் இருப்பவை: காந்தக் கலக்கியோடு ஹாட் பிளேட், உலர்த்தும் அவன், பழைய மஃபிள் ஃபர்னஸ் (தூளைச் சுடும் உலை), கலரிமீட்டர் (நிற அடர்வை அளப்பது), சின்ன சென்ட்ரிஃப்யூஜ் (சுழற்றித் தூளைப் பிரிப்பது). எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் சோதனை) வெளியே அனுப்பித்தான் எடுக்க வேண்டும். இதை வைத்துக்கொண்டு உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா? மூத்தவர்கள் சொல்லுங்கள்.

#2 குன்னூர்_வேதியியல்

தாராளமாகச் செய்யலாம்மா. ஐசோப்ரொப்பாக்சைடை மறந்துவிடு. விலை ஒரு பக்கம் இருக்கட்டும், நம் ஊர் மூடுபனியில் அந்தப் பாட்டிலைத் திறந்த நிமிடமே ஈரத்தை இழுத்து வெள்ளையாகத் திரிந்துபோகும். டைட்டானியம் டெட்ராகுளோரைடு இன்னும் மோசம், ஹைட்ரஜன் குளோரைடு புகை கிளம்பும். புகையை வெளியே இழுக்கும் ஃப்யூம் ஹூட் சரியாக வேலை செய்யாத ஆய்வகத்தில் அதைத் தொடவே கூடாது.

உனக்கு ஏற்றது ஈர ஊறல் முறை. டைட்டானியம் டை ஆக்சைடுக்கு அனடேஸ், ரூட்டைல் என்று இரண்டு முக்கியப் படிக வடிவங்கள் உண்டு. ஏற்கெனவே தயாராக இருக்கிற அனடேஸ் தூளை எடுத்து, உலோக உப்புக் கரைசலில் ஊறவைத்து, உலர்த்திச் சுடுவது. தூள் வாங்கும்போது ஒன்றைக் கவனி. பெயிண்டுக்கு வருகிற ரூட்டைல் தூள் வேண்டாம். பெயிண்ட் வெயிலில் பொடிந்து உதிரக் கூடாது என்பதற்காக அதன் மேல் அலுமினா, சிலிக்கா பூசி ஒளிவினையை வேண்டுமென்றே அடக்கி வைத்திருப்பார்கள். கோட்டிங் இல்லாத அனடேஸ் என்று கேட்டு வாங்கு. திருவனந்தபுரத்தில் டிராவன்கூர் டைட்டானியம் சல்ஃபேட் முறையில் தயாரிக்கிறதும் அனடேஸ்தான். பி25 என்ற பெயரில் விற்கிற தூள் கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கக் கொஞ்சம் வைத்துக்கொள். அதில் சுமார் 80 பங்கு அனடேஸ், 20 பங்கு ரூட்டைல்.

இப்போது அளவு. 10 கிராம் டைட்டானியம் டை ஆக்சைடு என்றால் 0.125 மோல். அதில் 0.5 அணு சதவீதம் இரும்பு வேண்டுமென்றால் 0.626 மில்லிமோல். ஒன்பது நீர் மூலக்கூறு கொண்ட ஃபெர்ரிக் நைட்ரேட்டின் மூலக்கூறு எடை 404, ஆக 0.25 கிராம் போதும். ஒரு பாட்டில் வாங்கினால் உனக்கு அடுத்து வருகிற பிள்ளைகள் வரை வரும்.

ஆனால் அந்த 0.25 கிராமை நேரடியாக எடை போடாதே. ஃபெர்ரிக் நைட்ரேட் ஈரம் இழுக்கிற உப்பு. ஜூலை மாதத்தில் தராசுத் தட்டில் வைத்திருக்கும்போதே கசிந்து ஊதாப் படிகம் பழுப்பாகிவிடும். 0.1 மோலார் கரைசலாகச் செய்து, டைக்ரோமேட்டில் தரம்பார்த்து (உண்மையான செறிவைக் கண்டுபிடித்து), பிப்பெட்டில் எடு. 0.5 சதவீதத்துக்கு 6.3 மில்லி. 0.1 சதவீதத்துக்கு 1.25 மில்லி, 1 சதவீதத்துக்கு 12.5 மில்லி. இப்படிச் செய்தால் வரிசையாக எல்லா அளவுகளையும் ஒரே கரைசலில் இருந்து எடுக்கலாம்.

தூளோடு கரைசலைச் சேர்த்து 30 மில்லி அளவுக்கு வாலை வடிநீர் விட்டு இரண்டு மூன்று மணி நேரம் கலக்கு. அப்புறம் கலக்கியபடியே சூடாக்கித் தண்ணீரை வற்ற விடு. இட்லி மாவுப் பதம் வந்ததும் கலக்குவதை நிறுத்தினால் இரும்பு உப்பு ஓரத்தில் ஏறி மஞ்சள் வளையமாக ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் கண்ணாடிக் கோலால் கையாலேயே கிளறு. 110 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தி, நன்றாக அரைத்து, 400 முதல் 450 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுடு. சுடும்போது நைட்ரேட் சிதைந்து பழுப்பு நிற வாயு வரும். ஜன்னலைத் திறந்து வை, பக்கத்தில் நிற்காதே.

கடைசியாக ஒன்று. டோப் செய்யாத அதே தூளையும் அதே மாதிரி தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி, அதே உலையில் அதே நேரம் சுட வேண்டும். உன்னுடைய ஒப்பீடு அதோடுதான் இருக்க வேண்டும். பாட்டிலில் இருந்து நேராக எடுத்த தூளோடு ஒப்பிட்டால், வித்தியாசம் இரும்பால் வந்ததா சூட்டால் வந்ததா என்று சொல்லவே முடியாது. இதைச் செய்யாத ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகள்தான் அதிகம்.

#3 தேயிலைக்காரன்_கோத்தகிரி

நல்ல இழை. ஒரு சந்தேகம் சார். தேயிலையில் கொப்புள நோய்க்கு அடிக்கிற காப்பர் ஆக்சி குளோரைடு எங்கள் ஸ்டோரில் எப்போதும் இருக்கும். மயில்துத்தமும் (காப்பர் சல்ஃபேட்) இருக்கும். தாமிரத்துக்கு அதையே பயன்படுத்தலாமா? இன்னும் மலிவு.

#4 குன்னூர்_வேதியியல்

ஆக்சி குளோரைடு வேண்டாம். தண்ணீரில் கரையாது. தோட்டத்துக்கு வருகிற தூளில் தாமிரம் பாதிதான், மீதி எல்லாம் நிரப்புப் பொருளும் நனைப்பானும்.

மயில்துத்தம் கரையும். சிக்கல் என்னவென்றால் சல்ஃபேட் 450 டிகிரியில் போகாது, மேற்பரப்பிலேயே ஒட்டிக்கொண்டு இருக்கும். சல்ஃபேட் இருந்தாலே டைட்டானியாவின் (டைட்டானியம் டை ஆக்சைடின்) அமிலத்தன்மை மாறி, வினை வேகமும் மாறும். பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால், அதே அளவு சோடியம் சல்ஃபேட்டில் ஊறவைத்துக் கழுவிய இன்னொரு தூளையும் ஒப்பீட்டுக்கு வைக்க வேண்டும். அந்த வேலைக்குக் காப்பர் நைட்ரேட்டே வாங்கிவிடலாம்.

#5 கொடை_ஆய்வாளர்

கொடைக்கானலில் இருந்து எழுதுகிறேன். குன்னூர் சார் சொன்ன செய்முறையில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் அதற்கு டோப்பிங் என்று பெயர் வைப்பதில் உடன்பாடு இல்லை.

ஏற்கெனவே படிகமாகிவிட்ட அனடேஸை 450 டிகிரியில் சுட்டால் இரும்பு உள்ளே எவ்வளவு போகும்? பெரும்பகுதி மேற்பரப்பிலும் அதை ஒட்டிய அடுக்கிலும் சின்னச் சின்ன ஆக்சைடு கொத்துகளாகத்தான் நிற்கும். வெப்பத்தை ஏற்றி உள்ளே தள்ளலாம் என்றால், 600 டிகிரி வாக்கில் அனடேஸ் ரூட்டைலாக மாற ஆரம்பிக்கும். இரும்பும் தாமிரமும் அந்த மாற்றத்தை இன்னும் கீழே இழுத்துவிடும்.

அயனி படிகக் கூட்டுக்குள் உட்கார வேண்டுமென்றால் படிகம் உருவாகும்போதே அது கூட இருக்க வேண்டும். அளவும் பொருந்த வேண்டும். டைட்டானியம் நான்கு அயனியின் ஆரம் 0.605 ஆங்ஸ்ட்ராம். இரும்பு மூன்று 0.645, அதனால் எளிதாக இடம் பிடிக்கும். தாமிரம் இரண்டு 0.73, கஷ்டப்பட்டுத்தான் போகும். வெள்ளி ஒன்று 1.15, போகவே போகாது.

குறைந்த செலவில் உண்மையான டோப்பிங் என்றால் என் பரிந்துரை கூட்டு வீழ்படிவு. டைட்டானைல் சல்ஃபேட் வாங்குங்கள், ஐசோப்ரொப்பாக்சைடு மாதிரி காற்றைப் பார்த்ததும் கெட்டுப்போகாது. அதைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, வேண்டிய அளவு ஃபெர்ரிக் நைட்ரேட்டைச் சேர்த்து, நன்றாகக் கலக்கியபடி நீர்த்த அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஹெச் 8 வரை கொண்டுபோங்கள். வெள்ளை வீழ்படிவு லேசான மஞ்சளோடு இறங்கும். வடிகட்டிக் கழுவுங்கள். கழுவிய நீரில் பேரியம் குளோரைடு விட்டால் கலங்கக் கூடாது, அதுவரை கழுவ வேண்டும். இதற்குத் தண்ணீர் நிறையச் செலவாகும், பொறுமையும் வேண்டும். பிறகு உலர்த்தி 450 டிகிரி. இப்படிச் செய்தால் இரும்பும் டைட்டானியமும் ஒன்றாகவே வீழ்படிந்து ஒன்றாகவே படிகமாகும்.

தாமிரத்துக்கு இதே முறையை அப்படியே செய்யாதீர்கள். அம்மோனியா கொஞ்சம் கூடினாலும் தாமிரம் அணைவுச் சேர்மமாகி மறுபடி கரைந்துவிடும். வடிநீர் கருநீலமாக வந்தால் உங்கள் டோப்பன்ட் (புகுத்த வேண்டிய அயனி) வடிநீரோடு போய்விட்டது என்று பொருள். அதற்கு நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு பயன்படுத்தி, சோடியம் போகும்வரை கழுவுங்கள்.

#6 உதகை_எம்எஸ்சி

ரொம்ப நன்றி சார், நன்றி கொடை ஆய்வாளர். ஒன்று குழப்பமாக இருக்கிறது. அயனி உள்ளே போகாமல் மேலேயே இருந்தால் ப்ராஜெக்ட் தோல்வியா? சில கட்டுரைகளில் இரும்பு போட்டால் வேகம் கூடுகிறது, சிலவற்றில் குறைகிறது. எதை நம்புவது?

#7 கொடை_ஆய்வாளர்

தோல்வி எல்லாம் இல்லை. மேலே இருப்பதும் வேலை செய்யும், ஆனால் வேறு விதமாக. ஜப்பானில் ஹாஷிமோட்டோ குழு 2009-இல் தாமிர இரண்டு அயனியை டைட்டானியா மேற்பரப்பில் மட்டும் ஒட்டவைத்துக் காட்டியது. கண்ணுறு ஒளி பட்டதும் டைட்டானியாவின் இணைதிறன் பட்டையில் (எலெக்ட்ரான்கள் வழக்கமாக நிறைந்திருக்கும் ஆற்றல் மட்டத்தில்) இருந்து எலெக்ட்ரான் நேராகத் தாமிரத்துக்குத் தாவுகிறது. படிகத்தின் உள்ளே எந்தக் குறையும் உண்டாவதில்லை, அதுதான் அதன் பலம். இதற்கு உலையே வேண்டாம். தாமிர உப்புக் கரைசலில் தூளைப் போட்டு 90 டிகிரி அருகே வைத்துக் கலக்கி, வடிகட்டிக் கழுவி உலர்த்தினால் போதும். உங்கள் ஊரில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். மூடி போடாமல் விட்டால் வற்றிவிடும்.

வேகம் கூடுவதும் குறைவதும் பற்றி: 1994-இல் சோய், டெர்மின், ஹாஃப்மன் மூவரும் 21 உலோக அயனிகளை ஒரே முறையில் டோப் செய்து பார்த்தார்கள். இரும்பு, வனேடியம், மாலிப்டினம், ருத்தேனியம் போன்றவை 0.1 முதல் 0.5 சதவீதத்தில் வேகத்தைக் கூட்டின. கோபால்ட்டும் அலுமினியமும் குறைத்தன. இன்னொரு பக்கம், பெங்களூரு ஐஐஎஸ்சியில் ஹெக்டே, கிரிதர் மத்ராஸ் குழு எரிப்பு முறையில் தயாரித்து 2004-இல் வெளியிட்ட வேலையில், இரும்பு, தாமிரம், வனேடியம் எல்லாம் போட்ட தூள்களைவிட எதுவும் போடாத அவர்களுடைய டைட்டானியாவே 4-நைட்ரோஃபீனாலை வேகமாகச் சிதைத்தது.

இரண்டுமே சரியான வேலைகள்தான். டோப்பன்ட் அயனி, ஒளி பட்டதும் கிளம்புகிற எலெக்ட்ரானையோ அது விட்டுப்போன காலி இடமான துளையையோ கொஞ்ச நேரம் பிடித்து வைக்கிற கண்ணி. அளவாக இருந்தால் இரண்டும் சந்திப்பதைத் தள்ளிப்போடும். கண்ணிகள் நெருங்கிவிட்டால் அங்கேயே இரண்டும் சேர்ந்து அழிந்துவிடும். அந்த எல்லை தூளின் அளவு, செய்முறை, சோதிக்கிற பொருள் எல்லாவற்றையும் பொறுத்து மாறும். அதனால் 5 சதவீதம், 10 சதவீதம் என்று ஏற்றாதீர்கள். 0.1, 0.25, 0.5, 1 போதும். சுட்ட தூள் வெளிர் மஞ்சளாக இருந்தால் நல்லது. செம்மண் நிறம் வந்தால் ஹேமடைட் (இரும்பு ஆக்சைடு) தனியாகப் பிரிந்துவிட்டது.

#8 வெலிங்டன்_ராஜ்

எரிப்பு முறையும் மலிவுதானே? கிளைசினும் நைட்ரேட்டும் போட்டு 350 டிகிரியில் வைத்தால் தானாகப் பற்றிக்கொள்ளும், சில நிமிடத்தில் தூள் ரெடி.

#9 குன்னூர்_வேதியியல்

நல்ல முறைதான், அயனி உள்ளே நன்றாகப் போகும். ஆனால் அதற்கு டைட்டானைல் நைட்ரேட் வேண்டும், அதைக் கடையில் வாங்க முடியாது. டைட்டானியம் ஹைட்ராக்சைடைப் புதிதாக வீழ்படிவாக்கிக் குளிர்ந்த நைட்ரிக் அமிலத்தில் கரைக்க வேண்டும், கொஞ்சம் தாமதித்தால் கரையாது. எரியும்போது நுரைத்துப் பொங்கும். முதல் முறை செய்கிற மாணவிக்கு, மேற்பார்வை இல்லாமல், நான் சொல்ல மாட்டேன்.

வெள்ளியைப் பற்றிக் கொடை ஆய்வாளர் ஒரு வரியில் விட்டுவிட்டார். அயனி உள்ளே போகாது என்பது உண்மை. ஆனால் வெள்ளியைத் துகளாக மேலே படியவைக்க வெயிலே போதும். 10 கிராம் தூளுக்கு 0.08 கிராம் சில்வர் நைட்ரேட், அதாவது எடையில் அரை சதவீதம் வெள்ளி. வாலை வடிநீரில் கொஞ்சம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் சேர்த்துக் கலக்கியபடி வெயிலில் வைத்தால் தூள் சாம்பல் நிறமாகும். குழாய்த் தண்ணீர் பட்டால் குளோரைடு வீழ்படிந்துவிடும். இந்து நகர் ஃபிலிம் தொழிற்சாலை இருந்த ஊரில் வெள்ளி உப்பு வெளிச்சத்தில் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ப்ராஜெக்டில் இதை டோப்பிங் என்று எழுதாதே, வெள்ளி படிந்த டைட்டானியா என்று எழுது.

#10 உதகை_எம்எஸ்சி

சரி சார், இரும்பை இரண்டு முறையிலும் செய்கிறேன், ஊறல் ஒன்று, கூட்டு வீழ்படிவு ஒன்று. எங்கள் மஃபிள் ஃபர்னஸில்தான் நம்பிக்கை இல்லை. டிஸ்பிளே 450 காட்டும்போது உள்ளே எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

#11 லேப்_டெக்னீஷியன்_ஊட்டி

அதற்கு எளிய வழி இருக்கிறதும்மா. பீங்கான் கிண்ணத்தில் சின்னத் துண்டு துத்தநாகம் வை. அது உருகுவது 419.5 டிகிரியில். பொட்டாசியம் நைட்ரேட் 334-இல் உருகும். டிஸ்பிளேயைப் பத்துப் பத்து டிகிரியாக ஏற்றிக்கொண்டே போய், எப்போது உருகுகிறது என்று பார்த்தால் எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்துவிடும். உலையின் நடுவிலும் கதவு ஓரத்திலும் இரண்டு கிண்ணம் வைத்துப் பார். பழைய உலைகளில் கதவுப் பக்கம் கணிசமாகக் குறைவாக இருக்கும். எல்லா மாதிரிகளையும் நடுவில் ஒரே தடவையில் வைத்துச் சுட்டுவிடு.

ரொம்ப மோசமாக இருந்தால் பல் செட் செய்கிற டென்டல் லேபில் கேட்டுப் பார். மெழுகு எரிக்கிற உலை வைத்திருப்பார்கள், 900 டிகிரி வரை போகும், வெப்பக் கட்டுப்பாடும் நன்றாக இருக்கும். சொந்தக் கிண்ணத்தைக் கொண்டுபோ. மழைக்காலத்தில் கரண்ட் போகும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு காலையிலேயே ஆரம்பி.

#12 தேயிலைக்காரன்_கோத்தகிரி

சோதனையை வெயிலில் செய்வதாகச் சொல்கிறீர்கள். இங்கே ஒரு மணி நேரத்தில் நாலு தடவை மேகம் வந்து போகுமே?

#13 கொடை_ஆய்வாளர்

அதனால்தான் எல்லா பீக்கர்களும் ஒரே தட்டில் ஒரே நேரத்தில் வெயிலில் இருக்க வேண்டும். இன்று ஒன்று, நாளை ஒன்று என்று செய்தால் மேகத்தைத்தான் அளப்பீர்கள். டோப் செய்தது, டோப் செய்யாமல் அதே மாதிரி சுட்டது, தூளே போடாத சாயம், அலுமினியத் தாள் சுற்றி இருட்டில் வைத்தது, இந்த நான்கும் கட்டாயம். வெயிலில் வைக்கும் முன் எல்லாவற்றையும் அரை மணி நேரம் இருட்டில் கலக்குங்கள். தூள் சாயத்தை ஒட்டவைத்துக்கொள்வதை வினை என்று எண்ணிவிடக் கூடாது.

வெயில் நமக்குச் சாதகமும்தான். அனடேஸின் பட்டை இடைவெளி (எலெக்ட்ரானைக் கிளப்பத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) 3.2 எலெக்ட்ரான் வோல்ட், 388 நானோமீட்டருக்குக் கீழே உள்ள புற ஊதா ஒளியைத்தான் அது வாங்கும். சூரிய ஒளியில் அந்தப் பங்கு 4, 5 சதவீதம். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புற ஊதா சுமார் 10 சதவீதம் கூடும். ஊட்டி 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,100-க்கு மேல். சமவெளியில் செய்தவர்களுடைய எண்களோடு உங்கள் வேகத்தை நேராக ஒப்பிட வேண்டாம்.

டோப்பிங் கண்ணுறு ஒளியில் வேலை செய்கிறது என்று சொல்ல விரும்பினால் வெயில் போதாது, புற ஊதாவை வெட்ட வேண்டும். சாதாரண வெள்ளை எல்இடி விளக்கில் புற ஊதா கிடையாது, அதைப் பயன்படுத்துங்கள். வெயிலிலேயே செய்ய வேண்டுமென்றால் 1 மோலார் சோடியம் நைட்ரைட் கரைசலை ஒரு கண்ணாடித் தட்டில் ஊற்றி பீக்கருக்கு மேலே வைத்தால் 400-க்குக் கீழே வெட்டிவிடும்.

மெத்திலீன் நீலத்தை மட்டும் நம்பாதீர்கள். அந்தச் சாயமே கண்ணுறு ஒளியை உறிஞ்சி எலெக்ட்ரானை டைட்டானியாவுக்குள் தள்ளும். டோப்பன்ட் எதுவும் செய்யாமலேயே நிறம் குறையும். நிறமில்லாத பொருள் ஒன்றும் சேர்த்துச் சோதியுங்கள். சாலிசிலிக் அமிலம் மலிவு. மாதிரியை எடுத்துத் தூளைப் பிரித்து, ஃபெர்ரிக் குளோரைடு சொட்டு விட்டால் ஊதா நிறம் வரும், கலரிமீட்டரில் 530 நானோமீட்டர் ஃபில்டரில் படிக்கலாம்.

#14 குன்னூர்_வேதியியல்

சாலிசிலிக் அமிலத்தில் ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன். அது டைட்டானியா மேல் இறுக்கமாக ஒட்டி மஞ்சள் நிற அணைவை உண்டாக்கும், அந்த அணைவே கண்ணுறு ஒளியை வாங்கும். ஆகவே எல்இடி சோதனைக்கு அது சரிவராது, முழு வெயில் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள். எல்இடிக்கு ஃபீனால் பரவாயில்லை.

இன்னொன்று, தூளில் இருந்து இரும்பு கரைந்து வெளியே வந்தால் அந்த இரும்பே சாலிசிலிக் அமிலத்தோடு ஊதா கொடுத்து உன் கணக்கைக் கெடுக்கும். தூள் பிரித்த தெளிநீரில் கொஞ்சம் அமிலம் விட்டு பொட்டாசியம் தயோசயனேட் ஒரு சொட்டு போட்டுப் பார். சிவந்தால் இரும்பு கசிகிறது. சுட்டவுடன் நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஒரு முறை கழுவிவிட்டால் மேலே தளர்வாக இருக்கிற ஆக்சைடு போய்விடும்.

தூள் சின்ன சென்ட்ரிஃப்யூஜில் இறங்காமல் பால் மாதிரி நின்றால் பிஹெச்சை 6, 6.5 பக்கம் கொண்டுபோ. அங்கே மேற்பரப்பு மின்சுமை ஏறக்குறைய பூஜ்யம், துகள்கள் திரண்டு கீழே வந்துவிடும். கலங்கலோடு கலரிமீட்டரில் வைத்தால் வருகிற எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

#15 உதகை_எம்எஸ்சி

இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. எக்ஸ்ஆர்டிக்கு எத்தனை மாதிரி அனுப்பலாம்? 0.5 சதவீத இரும்பு அதில் தெரியுமா?

#16 கொடை_ஆய்வாளர்

இரும்புக்கென்று தனி உச்சம் தெரியாது, அளவு மிகக் குறைவு. இரும்பு ஆக்சைடு உச்சம் இல்லை என்பதை வைத்து இரும்பு உள்ளே போய்விட்டது என்று எழுதவும் கூடாது. எக்ஸ்ஆர்டியில் நீங்கள் பார்க்க வேண்டியது 25.3 டிகிரியில் அனடேஸ், 27.4 டிகிரியில் ரூட்டைல், இரண்டின் விகிதம், உச்சத்தின் அகலம். மூன்று மாதிரி போதும்: டோப் செய்யாமல் சுட்டது, ஊறல் முறை 0.5, வீழ்படிவு முறை 0.5. தூள் எந்த ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் பரவல் எதிரொளிப்பு நிறமாலையும் அதே மூன்றுக்கு எடுங்கள். கொச்சி பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள எஸ்டிஐசி என்ற கருவி மையத்திலும், சென்னை ஐஐடியின் சைஃப் என்ற கருவி மையத்திலும் வெளி மாணவர்களுக்குக் கட்டணத்துக்குச் செய்து தருகிறார்கள். துறைத் தலைவர் கையெழுத்தோடு அனுப்புங்கள்.

#17 தேயிலைக்காரன்_கோத்தகிரி

முடிந்ததும் அந்தத் தண்ணீரை என்ன செய்வீர்கள்? இங்கே சிங்க்கில் விடுவது மோயாறு, பவானி வரை போகும். எங்களுக்குத் தாமிரம் அடிக்கும்போதே ஓடைப் பக்கம் அடிக்காதே என்று சொல்வார்கள்.

#18 லேப்_டெக்னீஷியன்_ஊட்டி

சரியான கேள்வி. தூளை வடிகட்டி உலர்த்தி அடுத்த சோதனைக்கு வைத்துக்கொள்ளலாம். தாமிரமோ வெள்ளியோ உள்ள கழுவு நீரைத் தனிக் கேனில் சேர். தாமிரத்துக்குச் சுண்ணாம்பு போட்டு பிஹெச் 9 ஆக்கினால் ஹைட்ராக்சைடாக அடியில் இறங்கும். ஆனால் அம்மோனியா கலந்த நீரை அதோடு சேர்க்காதே, தாமிரம் இறங்காது. வெள்ளிக்கு உப்புக் கரைசல் போதும். மேலே தெளிந்ததை நடுநிலையாக்கி விடலாம், அடியில் தங்கிய வண்டலைப் பாட்டிலில் போட்டு, பெயரும் தேதியும் எழுதி ஸ்டோரில் கொடுத்துவிடு. உலர்ந்த தூளைக் கையாளும்போது முகக்கவசம் போடு, மேஜையை ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும்.

#19 உதகை_எம்எஸ்சி

குறித்துக்கொண்டேன். ஃபெர்ரிக் நைட்ரேட்டும் டைட்டானைல் சல்ஃபேட்டும் கோயம்புத்தூரில் ஆர்டர் கொடுத்துவிட்டோம். முதலில் உலையைத் துத்தநாகத்தில் சோதித்துவிட்டு, டோப் செய்யாத தூளைச் சுடுகிறேன். கலரிமீட்டர் எண்களை இதே இழையில் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள் சார்.